நூற்று நாற்பத்து மூன்றாம் தாள்

இருநூற்றுப் பதினொரு தாள்.
தில்லிக்கு இரண்டு பிரதி,
சென்னைப் பதிப்பகத்துக்கு ஒன்று,
மை ஊறிய மூலம் எனக்கு.
குழித்துறைக் கோர்ட்டுக்கு எதிரே
ஷிபினின் ஜெராக்ஸ் கடை.
"எக்கா, இம்புட்டு உண்டெங்கி
தாளுக்கு எழுபது பைசா போதும்."

முதலில் தில்லி, பிறகுதான் சென்னை.
இந்த வரிசையை மட்டும்
யார் சொல்லியும் மாற்றுவதாக இல்லை.

வக்கீல் ஞானசிகாமணி சொல்லிப் பார்த்தார்:
"எழுதின நிமிசமே அது உனக்க சொத்துதான் பிள்ளே,
பதிஞ்சாலும் பதியாட்டாலும்."
சொத்தென்றால் எனக்குத் தெரிந்தது
கருங்கல்லில் மூன்றே முக்கால் சென்ட்.
அதிலும் வடக்கு எல்லைக்கல்
மழைக்கு மழை ஒரு சாண் தெற்கே நடக்கும்.
"பத்திரம் வேணும் சார்" என்றேன்.
சிரித்தபடியே படிவத்தைத் தள்ளினார்.

ஆறு வருடத்துக்கு முன்
பங்கின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கதை கொடுத்தேன்,
நகல் எடுக்காமல்.
மலர் வந்தது. கதையும் வந்தது.
தலைப்புக்குக் கீழே
தொகுத்தவரின் மச்சான் பெயர் வந்தது.
கேட்கப் போன வீட்டில்
மரச்சீனியும் சாளைக் கறியும் தந்தார்கள்.
"உனக்கதுண்ணு என்ன தெளிவு?" என்றார்கள்
இலையில் இன்னொரு கரண்டி ஊற்றியபடி.
கதையில் ஒற்றைக் காது அறுந்த ஆடு வருமே,
அது எங்கள் வீட்டு ஆடு.
அதையா சாட்சிக் கூண்டில் ஏற்றுவேன்?
சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே
ஷிபின் கையில் ஒவ்வொரு தாளையும்
கவிழ்த்தே கொடுத்தேன்.
கண்ணாடியும் கவிழ்த்துத்தான் கேட்டது.
மூடியின் கீழே பச்சை வெளிச்சம்
என் வரிகளைத் தடவித் தடவிப் போனது.
பின்னால் நின்ற ரேஷன் கார்டுக்காரர்
எட்டிப் பார்த்தபோதெல்லாம்
முந்தானையை விரித்து நின்றேன்.

கருங்கல் வண்டியில் உட்கார்ந்து எண்ணினேன்.
நூற்று நாற்பத்திரண்டு.
நூற்று நாற்பத்து நான்கு.
மறுபடி எண்ணினேன்.
பயணம் என்ற ஊரில்
பயணத்தை முறித்து இறங்கினேன்.

ஊரார் சீட்டுப்பணம் முழுதையும்
மடியில் முடிந்துகொண்டு
ஜெசிந்தா குலசேகரம் வண்டியில் ஏறும் தாள் அது.
இடையில் இறங்கித் திரும்பி வருவாளா
என்பது அடுத்த தாளில்.

ஷிபின் ஒளித்து வைக்கவில்லை.
கால்குலேட்டரை மேலே வைத்து
நிமிர்த்தியே போட்டிருந்தான்.
"மூடிக்க உள்ள ஒட்டிக் கெடந்துது" என்றான்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"இது விரிகோட்டு மாமிக்க கதையாக்கும்?
எனக்க அம்மைக்க ரூவாயும் அதில போச்சு."

"இது எனக்க கதை"
என்று நான் சொன்ன சத்தத்துக்கு
டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

அங்கேயே, அவன் மேசை ஓரத்தில்,
மீதிப் படிவத்தை நிரப்பினேன்.
ஆசிரியர்: ரெ. அமலோற்பவம்.
மொழி: தமிழ்.
படைப்பு வெளியிடப்பட்டதா, படாததா?
பேனா கொஞ்சம் நின்றது.
ஒரு தாள், ஒரு வாசகன்,
அதுவும் திருட்டுத்தனமாக.
'படாதது' என்று எழுதினேன்.
ஐந்நூறு ரூபாயைத் தனியே மடித்து வைத்தேன்.

"அவ எறங்கினாளா இல்லியா,
அத மட்டும் சொல்லிட்டுப் போங்க எக்கா."
"புஸ்தகம் வரும். வேங்கி வாசி."
"வராட்டா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.
தில்லி முத்திரை குத்தும், எண் தரும்,
என்னுடையது என்று ஏட்டில் ஏற்றும்.
சென்னை திருப்பி அனுப்பினால்
வேலி கட்டிய மூன்றே முக்கால் சென்டில்
புல்லும் நானும்.

இரண்டு படி இறங்கினவள்
திரும்பி ஏறிப் போய்ச் சொன்னேன்.
அவன் கை மூடியின் மேல் அப்படியே நின்றது.
ரேஷன் கார்டுக்காரர்
தொண்டையைச் செருமினார்.